பல எமுலேட்டர், ஒரே பட்டியல்

பழைய கேம் ஏற்றிய கணினியை நம் பக்கத்து வீடுகளில் திறந்தால் டெஸ்க்டாப் முழுக்க ஐகான்தான் இருக்கும். மாரியோவுக்கு ஒரு எமுலேட்டர், பிளேஸ்டேஷனுக்கு இன்னொன்று, கேம்பாய்க்கு வேறொன்று. எதைத் திறந்து, எந்த ஃபோல்டரில், எந்தக் கோப்பைத் தேடினால் எது ஓடும் என்பது ஏற்றிவைத்த அண்ணனுக்கு மட்டும் தெரியும். அவர் வேலைக்குச் சென்னைக்கோ ஓசூருக்கோ போய்விட்டால், வீட்டில் இருக்கும் தங்கைக்கு அந்த கேம்கள் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அந்தச் சிக்கலை இந்த இயலில் தீர்ப்போம். எல்லா எமுலேட்டர்களுக்கும் முன்னால் ஒரு முகப்பை, அதாவது ஃபிரன்ட்எண்ட் என்று சொல்லப்படும் நிரலை, வைக்கப் போகிறோம். ஜாய்ஸ்டிக்கால் பட்டியலில் மேலே கீழே போய், படத்தைப் பார்த்து, ஒரு பட்டனைத் தட்டினால் கேம் ஓட வேண்டும். இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால் மறுபடி பட்டியல் வர வேண்டும். இடையில் கீபோர்டு, மவுஸ் எதையும் தொடத் தேவை இருக்கக் கூடாது. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒருவர் யாரையும் கேட்காமல் ஒரு கேமை ஆடி முடித்து வெளியே வந்தால், உங்கள் வேலை சரியாக முடிந்தது என்று பொருள்.

தொடங்குமுன் மூன்று பொருளைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். எமுலேட்டர் என்பது பழைய கேம் பெட்டி மாதிரி நடந்துகொள்ளும் நிரல். ரோம் என்பது கேசட்டுக்குள்ளோ டிஸ்க்குக்குள்ளோ இருந்த கேம், கோப்பு வடிவில். முகப்பு இந்த இரண்டையும் சேர்த்துவைக்கும் நிரல். பொதுவாக அதற்குள் எமுலேட்டரும் இல்லை, கேமும் இல்லை. 'முகப்பைப் போட்டுவிட்டேன், எதுவும் வரவில்லையே' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைப் பிடிக்காதவர்கள்தான்.

கையில் இருக்கும் கணினி எது?

நம் வட்டாரத்தில் இதற்குக் கிடைக்கும் கணினி பெரும்பாலும் அரசு லேப்டாப்தான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்தில் வந்தவை இவை. முதல் தொகுதிகளில் 2 ஜிபி ராம், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே பாஸ் லினக்ஸ். படிப்பு முடிந்து, பேட்டரி செத்து, பீரோ மேல் கிடக்கும் லேப்டாப்பை எடுத்துத் தூசி தட்டிச் சார்ஜரோடு சேர்த்தால் இந்த வேலைக்குப் போதும். ஸ்டார்ட்டரை விட்டு வேறு இயங்குதளம் போடுவதாக இருந்து, டிடிஆர்3 வகை ராம் பழையதாக மலிவில் கிடைத்தால் 4 ஜிபி ஆக்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அந்த லேப்டாப்பில் பணம் போட வேண்டியதில்லை.

அது எதைத் தாங்கும்? ஃபாமிகாம் வகை டிவி கேம், சூப்பர் நிண்டெண்டோ, சேகா மெகா டிரைவ், கேம்பாய், கேம்பாய் அட்வான்ஸ் எல்லாம் தடையின்றி ஓடும். முதல் பிளேஸ்டேஷனும் ஓடும். நிண்டெண்டோ 64 கேமுக்குக் கேம் மாறும். பிளேஸ்டேஷன் 2 ஓடாது. அதற்கு நேரம் செலவிடாதீர்கள்.

முகப்பைத் தேர்ந்தெடுப்பதும் இதைப் பொறுத்ததே. இஎஸ்-டிஇ (முழுப்பெயர் எமுலேஷன் ஸ்டேஷன் டெஸ்க்டாப் எடிஷன்) இன்று கிடைப்பவற்றில் எனக்குப் பிடித்தது. பார்க்க அழகு, அமைக்கத் தெளிவு, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இலவசம். ஆனால் அதற்கு ஓபன்ஜிஎல் 3.3 தாங்கும் கிராஃபிக்ஸ் வேண்டும். பழைய அரசு லேப்டாப்களில் பலவற்றில் விண்டோஸ் டிரைவர் அந்த அளவுக்கு வராது; திறந்தவுடன் மூடிக்கொண்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். அப்படிப்பட்ட கணினியில், பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்க் ஒன்றை மட்டும் போட்டு, அதன் மெனு வகையில் ஆர்ஜியுஐ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பார்ப்பதற்குப் பழைய செல்போன் மெனு போல எளிமையாக இருக்கும்; எந்த லேப்டாப்பையும் திணற வைக்காது.

மூன்றாவது வழி படோசெரா. முழு இயங்குதளமாகவே வரும் முகப்பு இது. 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் பலேனா எட்சர் போன்ற நிரலால் எழுதி, லேப்டாப்பை அந்தப் பென்டிரைவில் இருந்து தொடங்கினால் (லெனோவோவில் எஃப்12 தட்டினால் தேர்வுப் பட்டியல் வரும்) நேராகக் கேம் பட்டியல் திறக்கும். வன்தட்டில் உள்ள விண்டோஸையோ படிப்புக் கோப்புகளையோ அது தொடாது. தம்பி கல்லூரிக்குக் கொண்டுபோகும் லேப்டாப்பாக இருந்தால் யோசிக்காமல் இதையே செய்யுங்கள். படோசெராவுக்குள் எஃப்1 அழுத்தினால் கோப்பு மேலாளர் திறக்கும். இன்னொரு பென்டிரைவில் இருந்து கேம்களை அங்கேயே நகலெடுத்துவிடலாம்.

விண்டோஸில் இஎஸ்-டிஇ போடுபவர்கள் நிறுவும் பதிப்பை விட்டுவிட்டு, போர்ட்டபிள் எனப்படும் ஜிப் பதிப்பை எடுங்கள். அதற்குள் எமுலேட்டர்ஸ் என்றொரு ஃபோல்டர் இருக்கும். ரெட்ரோஆர்க்கை அதற்குள்ளேயே வைத்தால் முகப்பு தானாகக் கண்டுகொள்ளும். மொத்தத்தையும் வேறு கணினிக்கு அப்படியே நகர்த்தலாம்.

எந்த கேம்?

கடையில், ஆன்லைனில், '10,000 கேம்' என்று எச்டிஎம்ஐ ஸ்டிக் விற்கிறார்கள். வாங்காதீர்கள். உரிமம் இல்லாத நகல்கள், தரம் குறைந்த மெமரி கார்டு, ஒரே கேம் பத்துப் பெயரில். நம் தலைமுறை பார்த்த '9999 இன் 1' கேசட்டும் இதே கதைதான்: பட்டியலில் ஆயிரக்கணக்கில் பெயர், உள்ளே இருந்தவை சில கேம்கள், மற்றவை அவற்றின் வேறு லெவல், வேறு நிறம். அந்தக் கேசட்டை இன்றும் வைத்திருப்பது அதில் உள்ள கேமுக்கு உரிமை தந்துவிடாது.

நேர்மையான வழிகள் நிறைய உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52 கணினி நிரலின் நகலைச் சட்டப்படி வைத்திருப்பவருக்கு, இழப்பு, சேதத்தில் இருந்து காத்துக்கொள்ளத் தற்காலிகப் பாதுகாப்பாக நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. உங்கள் சொந்த பிளேஸ்டேஷன் டிஸ்க்கைச் சாதாரண டிவிடி டிரைவில் போட்டு இமேஜ் ஆக்கலாம். அசல் கேசட் இருந்தால் அதைப் படிக்கும் யுஎஸ்பி கருவிகள் விற்பனைக்கு உண்டு. நம் ஊரில் கிடைத்த கேசட்டுகள் 60 முள் கொண்ட ஃபாமிகாம் வகை, அமெரிக்க நிண்டெண்டோவின் 72 முள் வகை அல்ல, அதைப் பார்த்து வாங்குங்கள்.

கையில் எதுவும் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைப்பவற்றில் இருந்து தொடங்கலாம். ரெட்ரோஆர்க்கின் ஆன்லைன் அப்டேட்டருக்குள் கன்டென்ட் டவுன்லோடர் என்ற பகுதியில் ஆசிரியர்களே இலவசமாக விட்ட கேம்கள் இருக்கின்றன. மிஸ்டர் பூம் என்பது பாம்பர்மேன் வகை ஆட்டம். எட்டுப் பேர் வரை சேர்ந்து ஆடலாம், கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகள் கூடும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. கேவ் ஸ்டோரி 2004-இல் டைசுகே அமாயா தனியாளாகச் செய்து இலவசமாக வெளியிட்டது. கேம்பாய்க்கு டோபு டோபு கேர்ள். கதை சொல்லும் கேம் பிடித்தவர்களுக்கு ஸ்கம்விஎம் என்ற நிரல் வழியாக பினீத் எ ஸ்டீல் ஸ்கை. ஆர்கேடு கேம்களில் கிரிட்லீ, ராபி ரோட்டோ போன்ற சிலவற்றை உரிமையாளர்கள் வணிகமற்ற பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஆர்கேடு எமுலேட்டரான மேமை உருவாக்கும் குழுவின் தளத்திலேயே கிடைக்கும்.

விலைக்கு வாங்கியவற்றையும் இதே பட்டியலில் சேர்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. காப்காம் 2018-இல் வெளியிட்ட பீட் எம் அப் பண்டில் தொகுப்பில் ஃபைனல் ஃபைட், கேப்டன் கமாண்டோ இரண்டும் இருக்கின்றன. ஸ்டீமில் வாங்கினால் அதன் ஷார்ட்கட்டை முகப்பின் கேம் ஃபோல்டர்களில் உள்ள ஸ்டீம் ஃபோல்டரில் போடுங்கள்; மற்ற கேம்களோடு அதுவும் வரிசையில் நிற்கும்.

முதலில் கோப்பு, பிறகுதான் முகப்பு

இந்த இயலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வையுங்கள். முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்கள் ஃபோல்டரைத்தான் காட்டும். ஃபோல்டர் குப்பையாக இருந்தால் பட்டியலும் குப்பையாக இருக்கும்.

விண்டோஸில் முதல் வேலை, கோப்பு நீட்சிகளைக் காட்டும்படி மாற்றுவது. நீட்சி மறைந்திருக்கும்போது பெயர் மாற்றினால் ஒரே நீட்சி இரண்டு முறை ஒட்டிக்கொள்ளும். எமுலேட்டர் அதை அடையாளம் காணாமல் போகலாம்.

இஎஸ்-டிஇ முதல் முறை திறக்கும்போது கேம் எதுவும் இல்லை என்று சொல்லி, ஃபோல்டர்களை உருவாக்கட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள். ஒவ்வொரு கேம் பெட்டிக்கும் ஒரு ஃபோல்டர், சரியான பெயரோடு, தானாக வரும். ஒவ்வொன்றுக்குள்ளும் சிஸ்டம்இன்ஃபோ என்ற சிறு உரைக்கோப்பு இருக்கும். அந்த ஃபோல்டரில் எந்த நீட்சியுள்ள கோப்புகளைப் போடலாம், எந்த எமுலேட்டர் அதைத் திறக்கும் என்பது அதிலேயே எழுதியிருக்கும். எங்கெங்கோ தேடுவதை விட்டு இதைப் படியுங்கள். அந்த ஃபோல்டர் பெயர்களை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

இடத்தைப் பற்றிப் பலர் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதுமே ஏறத்தாழ 40 கேபி. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவின் மிகச் சிறு பகுதி. கேம்பாய் அட்வான்ஸ் கேசட் அதிகபட்சம் 32 எம்பி. இடத்தைத் தின்பவை டிஸ்க் கேம்கள். ஒரு பிளேஸ்டேஷன் டிஸ்க் 700 எம்பி வரை போகும்.

டிஸ்க் கேம்களில்தான் பட்டியல் கெட்டுப்போகிறது. இமேஜ் எடுத்தால் ஒரு கியூ கோப்பு, அதோடு ஒன்றோ பலவோ பின் கோப்புகள் வரும். கியூ என்பது டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று சொல்லும் சிறு குறிப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம். பின் கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் கியூவுக்குள் பழைய பெயர் அப்படியே நிற்கும், கேம் திறக்காது. இந்தத் தொல்லைக்கு நிரந்தரத் தீர்வு, மேம் தொகுப்போடு வரும் சிஎச்டிமேன் கருவியால் இரண்டையும் சேர்த்து ஒரே சிஎச்டி கோப்பாக மாற்றிவிடுவது. தரவு எதுவும் குறையாமல் சுருங்கும். இடமும் மிச்சம், பட்டியலிலும் ஒரு கேமுக்கு ஒரே வரி. ஃபைனல் ஃபேன்டசி 7 போல மூன்று டிஸ்க் உள்ள கேமுக்கு எம்3யு என்ற நீட்சியில் ஓர் உரைக்கோப்பு எழுதி, மூன்று சிஎச்டியின் பெயரையும் வரிக்கு ஒன்றாகப் போடுங்கள். முகப்பில் எம்3யுவை மட்டும் காட்டி மற்றவற்றை மறைத்துவிட்டால், டிஸ்க் மாற்றும் கட்டம் வரும்போது ரெட்ரோஆர்க் மெனுவிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

ஆர்கேடு கேம்களுக்கு வேறு சட்டம். கேசட் கேமின் கோப்புப் பெயரை உங்கள் விருப்பப்படி வைக்கலாம். ஆர்கேடு ஜிப்பின் பெயரை ஓர் எழுத்துகூட மாற்றக் கூடாது. எமுலேட்டர் அந்தச் சுருக்கப் பெயரைப் பார்த்துத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. நம் ஊர்க் கடைகளில் 'முஸ்தபா' என்றே எல்லாரும் கூப்பிட்ட கேமின் அசல் பெயர் கேடிலாக்ஸ் அண்டு டைனோசர்ஸ், காப்காம், 1993. முஸ்தபா அதில் வரும் நாயகர்களில் ஒருவர். மேம் கணக்கில் அதன் பெயர் வெறும் 'டினோ'. அதை 'முஸ்தபா.ஜிப்' ஆக்கினால் ஓடாது. திரையில் என்ன பெயர் தெரிய வேண்டும் என்பதை முகப்பில் மாற்றலாம், கோப்பில் அல்ல. ஆர்கேடு கோப்புகள் எமுலேட்டரின் பதிப்போடும் பொருந்த வேண்டும்: மேம் 2003 பிளஸ் என்ற கோருக்கு (ரெட்ரோஆர்க்குக்குள் வரும் எமுலேட்டருக்கு) ஏற்றது ஃபைனல்பர்ன் நியோவில் ஓடாமல் போகலாம். ஒரு கோரைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

முதலில் எமுலேட்டரில் ஓட்டிப் பாருங்கள்

முகப்பைத் திறக்குமுன் ஒவ்வொரு வகையிலும் ஒரு கேமையாவது ரெட்ரோஆர்க்கில் நேரடியாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அங்கே ஓடாதது முகப்பிலும் ஓடாது. பிழை எங்கே என்று தேடும் அலைச்சல் இதனால் பாதியாகக் குறையும். ரெட்ரோஆர்க்குக்குள் எமுலேட்டர்கள் கோர் என்ற பெயரில் தனித்தனியாக வரும். கோர் டவுன்லோடரில் எல்லாவற்றையும் இறக்காதீர்கள். டிவி கேமுக்கு எஃப்சிஇயுஎம்எம், சூப்பர் நிண்டெண்டோவுக்கு ஸ்னெஸ்9எக்ஸ், சேகாவுக்கு ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ், கேம்பாய் குடும்பத்துக்கு எம்ஜிபிஏ, பிளேஸ்டேஷனுக்கு பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு. பழைய லேப்டாப்புக்கு இவை போதும்.

பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டைச் சொல்லக் காரணம் உண்டு. பிளேஸ்டேஷன் எமுலேட்டர்களில் பெரும்பாலானவை பெட்டியின் பயாஸ் கோப்பைக் கேட்கும். அது சோனியின் சொத்து, உங்கள் பெட்டியில் இருந்து நீங்கள் எடுத்தால்தான் சரி. இந்தக் கோர் பயாஸ் இல்லாமலும் பல கேம்களை ஓட்டிவிடும்.

டிவி கேமில் இன்னொரு நுணுக்கம். 'இது இவ்வளவு வேகமாக ஓடாதே, நாங்கள் ஆடும்போது நிதானமாகத்தானே இருக்கும்' என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் நினைவு சரிதான். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அந்தப் பெட்டி நொடிக்கு 60 ஃபிரேம் ஓடியது. இந்தியத் தொலைக்காட்சி பால் முறை, நொடிக்கு 50. பால் டிவிக்கென்று செய்த குளோன் பெட்டிகளில் அதே கேம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. 2006 செப்டம்பர் 15 முதல் அரசு வழங்கிய 14 அங்குல இலவசக் கலர் டிவியில் இப்படிப்பட்ட பெட்டியைச் செருகி ஆடிய பிள்ளைகளின் கை அந்த வேகத்துக்குத்தான் பழகியிருக்கிறது. எஃப்சிஇயுஎம்எம் கோரின் ஆப்ஷன்களில் ரீஜன் என்ற இடத்தில் டெண்டி என்று ஒரு தேர்வு இருக்கும். ரஷ்யாவில் விற்ற குளோன் பெட்டியின் பெயர் அது, நமக்கு வந்த பால் குளோன்களுக்கும் பொருந்தும். அதைப் போட்டு ஒரு கேமை ஆடச் சொல்லுங்கள். தாவுவதும் சுடுவதும் பழைய கைக்கு உடனே அடங்கும். புதிதாக ஆடும் பிள்ளைகளுக்கு 60 ஃபிரேம் ஓடும் என்டிஎஸ்சி தேர்வே இருக்கட்டும்.

வாத்து சுடும் கேமுக்குப் பழைய துப்பாக்கியைத் தேட வேண்டாம். அது குழாய் டிவியின் ஒளி தோன்றும் நேரத்தைக் கணித்து வேலை செய்த கருவி, எல்இடி டிவியில் பிடிக்காது. மவுஸால் சுடலாம், இந்த ஒன்றுக்கு மட்டும் மவுஸை அனுமதியுங்கள்.

நம் பெயரில் பட்டியல்

இனி முகப்பைத் திறவுங்கள். ஃபோல்டரில் போட்டவை வரிசையாக நிற்கும், படம் இல்லாமல், கோப்புப் பெயரோடு. படம், ஆண்டு, குறிப்பு ஆகியவற்றை இணையத்தில் இருந்து இழுத்துவருவதற்கு ஸ்கிரேப்பர் என்ற பகுதி இருக்கிறது. ஸ்கிரீன்ஸ்கிரேப்பர் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி அந்த விவரத்தை முகப்பில் கொடுத்துவிடுங்கள். முதலில் அட்டைப்படமும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் மட்டும் போதும் என்று தேர்ந்தெடுங்கள். காணொளி முன்னோட்டங்களை இறக்கினால் கேம்களைவிட அவை பெரிதாகிவிடும், பழைய லேப்டாப்பும் தடுமாறும்.

வெளிநாட்டுத் தரவுத்தளத்துக்கு நம் ஊர்ப் பெயர்கள் தெரியாது. பேட்டில் சிட்டி என்று அது எழுதும். நம்மிடம் அது 'டேங்க்'. கேடிலாக்ஸ் என்று தேடும் பொறுமை எவருக்கும் கிடையாது. "மாமா, முஸ்தபா எங்க இருக்கு?" என்றுதான் பையன் கேட்பான், பட்டியலில் முஸ்தபா இருக்க வேண்டும். இஎஸ்-டிஇயில் கேமின் மேல் நின்று மெட்டாடேட்டா எடிட்டரைத் திறந்தால் பெயர், குறிப்பு, வரிசைப்படுத்தும் பெயர் எல்லாவற்றையும் நீங்களே எழுதலாம். இவை கேம்லிஸ்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் யுனிகோடில் சேரும். நிறைய எழுத வேண்டுமென்றால் முகப்பை மூடிவிட்டு அந்தக் கோப்பையே நோட்பேடில் திறந்து தமிழில் தட்டலாம்.

தமிழில் எழுதுமுன் ஒரு சோதனை. ஒரே ஒரு கேமுக்கு 'கொக்கு' என்று பெயர் வைத்துத் திரையில் பாருங்கள். கொம்பு ககரத்துக்கு முன்னால் நின்றால் தைரியமாக மற்றவற்றையும் எழுதுங்கள். கொம்பு பின்னால் போய்த் தனியாக நின்றாலோ, புள்ளி எழுத்தைவிட்டு விலகினாலோ, அந்தப் பதிப்புக்கோ தீமுக்கோ தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. அப்போதும் வழி இருக்கிறது: பெயரை அட்டைப்படத்தின் மேலேயே எழுதுங்கள். செல்போனில் படத்தைத் திறந்து, அடியில் கறுப்புப் பட்டை வைத்து, 'டேங்க் – 2 பேர்' என்று வெள்ளையில் பெரிதாகத் தட்டிச் சேமித்து, பழைய படம் இருந்த ஃபோல்டரில் அதே பெயரில் மாற்றி வைத்தால் போதும். படம் எந்த முகப்பிலும் கெடாது. வாசிக்கத் தெரியாத குழந்தையும் படத்தை வைத்தே பிடித்துக்கொள்ளும்.

அடுத்து கலெக்ஷன்கள். கேம் பெட்டி வாரியாக அடுக்குவது சேகரிப்பாளர்களுக்குச் சரி. வீட்டில் ஆடுபவர்களுக்கு அந்தப் பிரிவு எதையும் சொல்லாது. சேகா மெகா டிரைவை 1995-இல் ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்றபோது விலை 18,000 ரூபாய். நம் தெருவில் அதைப் பார்த்தவர்களே அரிது, அந்தப் பெயரில் எதைத் தேடுவார்கள்? ஆடும் நேரத்தையும் ஆட்களையும் வைத்துப் பிரியுங்கள். 'இரண்டு பேர் ஆடுவது', 'பத்து நிமிஷத்தில் முடிவது', 'அப்பா ஆடியவை' என்று மூன்று கலெக்ஷன் போட்டு, பெட்டி வாரிப் பட்டியலை மறைத்தேவிடலாம். ஒரு கேம் பல கலெக்ஷனில் இருக்கலாம், கோப்பை நகலெடுக்கத் தேவையில்லை. ஒவ்வொன்றிலும் இருபதுக்கு மேல் போகாதீர்கள். நீண்ட பட்டியலில் பிள்ளைகள் தேடியே களைத்து எழுந்துவிடுகிறார்கள்.

சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் யுஐ மோடை கிட் என்று மாற்றுங்கள். குழந்தைகளுக்கானது என்று நீங்கள் குறித்தவை மட்டும் தெரியும். அமைப்புகள், அழிக்கும் வசதி எல்லாம் மறைந்துவிடும். திரும்பப் பெற ஜாய்ஸ்டிக்கில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று வரிசையாகத் தட்ட வேண்டும். கான்ட்ராவின் அமெரிக்கப் பதிப்பில் 30 உயிர் தந்த அதே வரிசை. அதை ஆடியவர்கள் எழுதிவைக்காமலே நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

ஜாய்ஸ்டிக், கரண்டு, காப்பு

ஜாய்ஸ்டிக் பிளேஸ்டேஷன் வடிவில் இருக்கும் சாதாரண யுஎஸ்பி வகை போதும். கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ பண்ருட்டியிலோ கேட்டு, கையில் பிடித்துப் பார்த்து, இரண்டும் ஒரே மாடலாக வாங்குங்கள். மாடல் வேறானால் பட்டன் வரிசையைத் தனித்தனியாக அமைக்க வேண்டியிருக்கும்.

ரெட்ரோஆர்க்கின் ஹாட்கீ அமைப்புகளில் மெனு, வெளியேறுதல் இரண்டுக்கும் பட்டன் சேர்க்கை வைக்கும் இடம் உண்டு. வெளியேற ஸ்டார்ட்டும் செலெக்டும் சேர்த்து என்று வையுங்கள். முகப்பில் இருந்து திறந்த கேமை இப்படி மூடினால் நேராகப் பட்டியலுக்கே வரும். எந்தக் கேமில் இருந்தாலும் இதே சேர்க்கை வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு கோரிலும் சோதியுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய ஒரே பாடம் இதுதான்.

பேட்டரி செத்த லேப்டாப்பில் கரண்டு போனால் திரை அந்த நொடியே அணையும். பல கோர்கள் கேமின் சேமிப்பைக் கேமை மூடும்போதுதான் தட்டில் எழுதுகின்றன. கேமுக்குள் சேவ் செய்திருந்தாலும் இழக்க நேரிடும். ரெட்ரோஆர்க்கின் சேவிங் அமைப்பில் சேவ்ராம் ஆட்டோசேவ் இன்டர்வல் என்பதை 10 விநாடி என்று மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மின்தடை வழக்கமாக உள்ள நம் பக்கத்தில் இதைச் செய்யாமல் ஒரு கேமையும் தொடங்காதீர்கள்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை வெள்ளமும் பார்த்த வட்டாரம் இது. காப்பு நகல் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். எடுக்க வேண்டியவை நான்கு: ரோம் ஃபோல்டர், சேவ் ஃபோல்டர், கேம்லிஸ்ட் கோப்புகள், நீங்கள் எழுதிய படங்கள். எமுலேட்டரை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பிள்ளையின் சேவ் கோப்புகளையும் உங்கள் தமிழ்ப் பட்டியலையும் எங்கிருந்தும் இறக்க முடியாது. ஒரு பென்டிரைவில் போட்டு உறவினர் வீட்டில் கொடுத்துவையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிளேஸ்டேஷன் 2-க்கு இந்தியாவிலேயே உருவான கேம்கள் உண்டு. ஹைதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜீஸ் செய்த 'ஹனுமான்: பாய் வாரியர்' 2009-இல் வந்தது; கபடி, கில்லி, பட்டம் எல்லாம் கொண்ட 'தேசி அட்டா' வந்தது; 2011-இல் 'ரா.ஒன்' வந்தது. கடலோரக் காற்றிலும் மழைக்கால ஈரத்திலும் டிஸ்க்கின் மேல் பூஞ்சை படர்கிறது, ஒட்டிய லேபிள் உரிகிறது. மாரியோவை உலகம் காப்பாற்றிக்கொள்ளும். இவற்றைக் காப்பாற்ற வேண்டியவர்கள் நாம்தான். உங்கள் வீட்டிலோ மூடிப்போன கேம் கடைக்காரரிடமோ இப்படி ஒரு டிஸ்க் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். மென்மையான துணியால் நடுவில் இருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, இமேஜ் எடுத்து வையுங்கள். அட்டையின் இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். உங்கள் லேப்டாப்பில் இன்று அது ஓடாது என்பது பரவாயில்லை. டிஸ்க் விவரங்களைத் தொகுக்கும் ரீடம்ப் திட்டத்திலும் ஸ்கிரீன்ஸ்கிரேப்பரிலும் அந்தக் கேமின் பதிவைத் தேடிப் பாருங்கள்; விடுபட்ட விவரம் இருந்தால் நீங்கள் சேர்த்துவிடுங்கள்.